அலுமினிய டிரம்மும் இளநீர்க் கட்டையும்

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஜூன் மாதத்திலிருந்து ஒரு பேச்சு உலவுகிறது. ஆதிகேசவன் தன் மனைவியின் வெள்ளிக் குத்துவிளக்குகளை உருக்கி, பழைய குட்டிக் காரின் சக்கரங்களுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். அலமாரியில் வைத்தால் திருடன் எடுப்பான், சக்கரத்தில் வைத்தால் எவனுக்குத் தெரியும் என்ற யோசனையாம். அந்த அம்மாளுக்கு வந்த கோபத்தில் அன்றிலிருந்து காரிலேயே ஏறுவதில்லையாம்.

மூன்று 'ஆம்' சேர்ந்து வந்தால் அதில் ஒன்றாவது மெய்யாக இருக்கும் என்பது இந்தப் பேட்டையின் அனுபவம். எது என்று சரிபார்க்கக் கிளம்பினால், பேச்சின் ஊற்றுக்கண் எதிர்வீட்டு ரங்கநாதன் என்று முதல் தெருமுனையிலேயே தெரிந்துவிடுகிறது. அவர் ஜன்னல் வழியாகத் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். கூடத்துத் தரையில் ஆதிகேசவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பளபளவென்று வட்டமாக எதையோ மஞ்சள் துணியால் துடைத்து, சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளியை ஒருத்தன் எதுக்கு சார் நிறுப்பான்? விக்கறதுக்கு, இல்லன்னா உருக்கறதுக்கு. விக்கற ஆளு மூஞ்சி அப்படி இருக்காது," என்பது ரங்கநாதனின் சாட்சியம்.

குத்துவிளக்குகள் விபூதி போட்டுத் துலக்கிய அழகோடு பூஜை அறையில் பத்திரமாக இருக்கின்றன. அவர் நிறுத்தது அலுமினிய பிரேக் டிரம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பெரிய கிண்ணம் மாதிரியான ஒன்று. பிரேக்கை மிதித்தால் உள்ளே இருக்கும் பிறை வடிவ ஷூக்கள் விரிந்து அதன் சுவரை இறுக்கிப் பிடிக்கும், சக்கரம் நிற்கும். காலங்காலமாக வார்ப்பிரும்பில் செய்வது வழக்கம். அலுமினியத்தில் செய்தால் எடை ஏறக்குறைய பாதி, சூடு சீக்கிரம் இறங்கும், சுற்றிலும் விசிறி மடிப்புப் போல வரிவரியாக இருப்பதால் பார்வைக்கும் லட்சணம். சக்கரத்தை மாட்டிவிட்டால் அந்த லட்சணம் கண்ணுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆகவே வெள்ளி பொய், திருடன் பொய். அந்த அம்மாள் காரில் ஏறுவதில்லை என்பது மட்டும் மெய். அதற்குக் காரணம் விளக்கும் அல்ல, டிரம்மும் அல்ல. காரணத்தை அறிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஆதிகேசவனும் ஒருவர் என்பதுதான் அவருடைய துரதிருஷ்டம்.

அவர் அல்சூரில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக நுழைந்து, முப்பத்தாறு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் கடைந்து அனுப்பும் உருப்படியை வெர்னியரால் அளந்து, தலைமுடி அளவு தப்பியிருந்தாலும் அதன் நெற்றியில் சிவப்பு பெயிண்ட் ஒரு பொட்டு வைத்து ஒதுக்குவது வேலை. வாழ்நாளில் ஒரு பொருளைக்கூடச் செய்யாமல், செய்தவர்களையெல்லாம் குறை சொல்லியே பென்ஷன் வாங்கிவிட்டார். விமர்சகர்கள் பொறாமைப்பட வேண்டிய பிழைப்பு. அந்தப் பெயிண்ட் டப்பாவை அவர் மனத்தளவில் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். கத்தரிக்காய், தோசைக்கல், மகளுக்கு வந்த வரன்கள் எல்லாவற்றின் நெற்றியிலும் பொட்டு விழுந்தது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஜெயலட்சுமி ஒருநாள் கேட்டதுண்டு.

"எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்றீங்களே, எனக்கு மட்டும் எப்படிங்க பாஸ் போட்டீங்க?"

"பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு வெர்னியர் எடுத்துட்டு வர மறந்துட்டேன்."

அப்படிப் பேசிச் சிரித்துக்கொண்ட வீடுதான் அது.

கார், அறுபதுகளில் பிறந்த ஆங்கிலேயக் குட்டிக் கார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடம் வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பத்து அங்குலச் சக்கரம். பெங்களூர் ஆட்டோக்காரன் குனிந்து பார்க்கும்படியாக ஊரில் ஓடும் ஒரே வாகனம். அதற்கு இடது பக்கம் பின்னால் பார்க்கும் கண்ணாடி கிடையாது. இடது பக்கம் ஜெயலட்சுமி உண்டு. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வாங்க... வாங்க... வாங்க... நில்லுங்க," என்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் காரின் இடது பக்கம் ஒரு கீறல் விழுந்ததில்லை.

இந்த ஜனவரியில் அவள் இன்னொன்றும் சொன்னாள். பின்பக்க இடது சக்கரத்தருகே தரையில் ஈரம்.

"ஏங்க, இங்க ஏதோ ஒழுகுதுங்க."

"ரங்கநாதன் வீட்டு நாய். வேற என்ன?"

"நாய் மூத்திரம் வழவழன்னா இருக்கும்?"

"அதுக்கு வயசாயிடுச்சு, ஜெயா."

தினமும் காலையில் அவள் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் மறுபடி ஈரம். மூன்று வாரம் இது நடந்தது. தலைமுடி அளவுக்காக ஊரார் வேலையையெல்லாம் தள்ளிய மனிதர், ஒரு தடவை குனிந்து அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. நாய்மேல் அவ்வளவு நம்பிக்கை.

காரின் ஹேண்ட்பிரேக் கேபிள் எப்போதோ அறுந்துபோயிருந்தது. நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் தெரு முடிந்து ரயில் பாலத்துக்கு இறங்கும் சரிவின் அடியில் நிறுத்தி இளநீர் குடிப்பார்கள். தள்ளுவண்டிக்கார லட்சுமம்மா கார் வருவதைப் பார்த்ததுமே செங்கலோடு தயாராக நிற்பாள்.

"உங்க காருக்கு பிரேக்கு நானே அண்ணா," என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ஆதிகேசவன்தான் அதிகம் சிரிப்பார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விவேக் நகரில் தங்கை மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஜெயலட்சுமி பட்டுப்புடவையில், மடியில் பளபளத் தாள் சுற்றிய சுவர்க்கடிகாரத்தோடு. சரிவில் இறங்கும்போது ஆதிகேசவன் பிரேக்கை மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. எடுத்து மறுபடி மிதித்தார். தரை அங்கேயேதான் இருந்தது.

அவசரமாக நடக்கிற ஆளைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகம், அவ்வளவுதான். ஆனால் சரிவின் அடியில் குறுக்கு ரோடு. அதில் பஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தன.

"ஏங்க?" என்றாள் ஜெயலட்சுமி.

அதற்கு அடுத்தது என்ன என்பதை ஆதிகேசவன் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். விரிசல் தேடுவது போல, பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவது போலத் தேடுகிறார். கிடைக்கவில்லை. ஸ்டியரிங்கில் கை இருந்தது. பிறகு முழங்கால் தாரில் இருந்தது. நடுவில் கதவு திறந்திருக்க வேண்டும். திறந்த கை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். காரில் வேறு யாரும் வலது பக்கம் உட்கார்ந்திருக்கவில்லை.

கார் தன்பாட்டுக்குப் போயிற்று. ஜெயலட்சுமி வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆளில்லாத சீட். அந்த ஒரு பார்வையை அவர் தரையில் கிடந்தபடி பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு வண்டியும் ஓட்டியிராத அவள் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து, எதிரே வந்த பஸ்ஸைவிட்டு நடைபாதைப் பக்கமாகத் திருப்பினாள். செங்கல்லை எடுக்க லட்சுமம்மாவுக்கு நேரமில்லை. கைக்குக் கிடைத்தது இளநீர் வெட்டும் அடிக்கட்டை. அதை இரண்டு கையாலும் உருட்டி முன்சக்கரத்துக்கு அடியில் விட்டாள். பத்து அங்குலச் சக்கரத்துக்கு அந்தக் கட்டை ஒரு மலை. சக்கரம் ஏறப் பார்த்தது. கட்டை இரண்டாகப் பிளந்தது. கார் நின்றது.

ஜெயலட்சுமி இறங்கினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டாள், ஓடிக்கொண்டிருந்தது. லட்சுமம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். பிறகு கைகாட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தி, அதில் ஏறி விவேக் நகருக்குப் போய்விட்டாள். அங்கே கேட்டவர்களிடம், "அவருக்கு முழங்கால்ல சின்னதா அடி," என்று மட்டும் சொன்னாளாம்.

நொண்டிக்கொண்டு இறங்கி வந்த ஆதிகேசவன் லட்சுமம்மாவிடம் சொன்னார், "வெளிய இருந்து புடிச்சு நிறுத்தலாம்னு இறங்கினேன்."

அறுபத்திரண்டு கிலோ மனிதர், அறுநூறு கிலோ காரை.

"ஹௌதா அண்ணா?" என்றாள் லட்சுமம்மா. அப்படியா என்பதைக் கன்னடத்தில் இவ்வளவு மரியாதையாகக் கேட்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அவள் குனிந்து கட்டையின் இரண்டு பாதிகளையும் ஒட்டிப் பார்த்தாள். "கட்டை போச்சே."

"புதுசு வாங்கித் தர்றேன்மா. அளவுக்காக இதை எடுத்துட்டுப் போறேன்."

"அவசரமில்ல. வர்ற ஞாயித்துக்கிழமை குடுங்க."

வீட்டில் ஜெயலட்சுமி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்று இருந்திருக்கும். நேரத்துக்குக் காபி வந்தது, சாப்பாடு வந்தது, முழங்காலுக்கு மருந்துகூடப் போட்டுவிட்டாள். கார் என்ற பேச்சு வந்தால் மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, நான் ஆட்டோவுல வந்துடறேன்." அவ்வளவுதான்.

பிரேசர் டவுனில் ஷெட் வைத்திருக்கும் உமேஷ் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னான்.

"டிரம் கல்லு மாதிரி இருக்கு சார். பின்னாடி வீல் சிலிண்டர்ல ரப்பர் போயிடுச்சு. பிரேக் ஆயில் பூரா ஒழுகி ஓடியிருக்கு. வீட்டுல கீழ ஈரம் பாக்கலயா?"

"இரும்பு டிரம். சூடேறி விரிஞ்சிருக்கும். அதான் பிடிக்கல."

"வீட்டுலேர்ந்து பாலம் நூறு மீட்டர். அதுக்குள்ள என்ன சார் சூடு?"

"நீ மெக்கானிக். நான் இன்ஸ்பெக்ஷன். அலுமினிய டிரம் போட்டாத்தான் இது சரியாகும்."

"சும்னெ, வீணா காசு வேஸ்ட் சார். அலுமினியத்துலயும் உள்ள ஒரு இரும்பு வளையம் இருக்கும். ஷூ பிடிக்கறது அந்த இரும்பைத்தான். வெளிய பளபளன்னு இருக்கறது பிடிக்காது."

ஆதிகேசவனின் கணக்கு வேறு. ரப்பர் என்று ஒப்புக்கொண்டால் நாய் நிரபராதி என்றாகும். நாய் நிரபராதி என்றால் ஜெயலட்சுமி சொன்னது சரி என்றாகும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது, அது ரப்பரைப் பற்றியதல்ல. டிரம்மோ நல்ல பொருள். எடை உண்டு, விட்டம் உண்டு, அளந்து தள்ளலாம், வேறு வாங்கலாம். புது டிரம் வந்துவிட்டால் பழைய குற்றம் பழைய டிரம்மோடு காயலான் கடைக்குப் போய்விடும். ஜெயலட்சுமி இடது பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவருடைய திட்டம் முழுவதும் இதுதான். திட்டத்தில் தலைமுடி அளவு பிழை இருந்தது அவருக்கும் தெரியும்.

மார்ச் முழுவதும் தேர்வு நடந்தது. நோட்டில் நாற்பது பக்கம் நிரம்பியது. உள்ளூரிலேயே வார்த்துத் தருகிறேன் என்றவரின் டிரம்மில், அலுமினியம் சூட்டில் அதிகம் விரிந்து உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தைக் கைவிட்டுவிடுமோ என்று சந்தேகம், தள்ளினார். இங்கிலாந்திலிருந்து வருவதில் இரண்டு வகை. ஒன்றில் ஸ்பேசர் என்ற இடைத்தட்டு சேர்ந்தே இருக்கும். சக்கரம் ஓர் அங்குலம் வெளியே தள்ளி நிற்கும், கார் அகலக்கால் வைத்து உறுதியாகத் தெரியும், ஆனால் மட்கார்டைத் தாண்டும். இன்னொன்றில் ஸ்பேசர் கிடையாது; மட்கார்டுக்குள் அடங்கும், ஆனால் அந்த உறுதி தெரியாது. உறுதி தெரிவது முக்கியமா, அடங்கியிருப்பது முக்கியமா என்பதில் ஏப்ரலும் போயிற்று.

ஒருநாள் இலையில் சாதம் இருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"ஜெயா, ஸ்பேசரோட வாங்கலாமா, இல்லாம வாங்கலாமா?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"நீதானே உக்காரப் போறே."

அவள் அவர் இலையைப் பார்த்தாள். "மோர் ஊத்தட்டுமா?"

ஸ்பேசர் இல்லாததையே வாங்கினார். ஜூனில் முதல் செட் வந்தது. துடைத்து, நிறுத்து (ரங்கநாதன் பார்த்தது அப்போதுதான்), வெர்னியரை வைத்தால் ஒன்றில் உள்விட்டம் கொஞ்சம் கூடுதல். சிவப்புப் பொட்டு வைத்துத் திருப்பி அனுப்பினார். அந்த ஒரு வாரம் அவர் முகத்தில் பழைய களை இருந்தது. செப்டம்பரில் இரண்டாவது செட் வந்தது. நான்கையும் மூன்று நாள் அளந்தார். குற்றம் ஒன்றும் இல்லை. அன்று இரவு மறுபடியும் வெர்னியரை எடுத்தார். இனிமேல் டிரம்மைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

உமேஷ் டிரம்மை மாட்டினான். கூடவே சொல்லாமல் கொள்ளாமல் ரப்பர்களையும் குழாய்களையும் மாற்றி, ஹேண்ட்பிரேக் கேபிளையும் போட்டான்.

"இப்ப சூப்பரா பிடிக்குது சார். ஆனா அது டிரம்மால இல்ல."

"நீ சாவியைக் குடு."

அவர் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். சரிவு வழியாக வரவில்லை. லட்சுமம்மா கண்ணில் படாமல் நாலு தெரு சுற்றி வந்தார். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது இடது பக்கம் ஒன்றும் தெரியவில்லை. "வாங்க... வாங்க..." என்று தாமே மெல்லச் சொல்லிக்கொண்டார். "நில்லுங்க" என்று சொல்வதற்குள் காம்பவுண்டுச் சுவர் சொல்லிவிட்டது. கதவிலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடு. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் கீறல்.

ஆயுத பூஜை வந்தது. தெருவெல்லாம் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. ஜெயலட்சுமி தானே காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பானெட்டில் சாமந்தி மாலை கட்டி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, ஆரத்தியும் எடுத்தாள். இடது பக்கக் கீறலின் மேல்கூட ஒரு பொட்டு. பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட வேண்டும், வீட்டார் ஏறி ஒரு சுற்றுப் போய் வர வேண்டும் என்பது முறை. ஆதிகேசவன் உட்கார்ந்து, குறுக்கே சாய்ந்து, உள்ளிருந்தபடியே இடது கதவைத் திறந்தார்.

"வா ஜெயா. தெருமுனை வரைக்கும்தான்."

எதிர்வீட்டு வாசலில் ரங்கநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய நாயும் நின்றது.

ஜெயலட்சுமி கதவருகே வந்தாள். சீட்டைக் கையால் தட்டித் தூசி துடைத்தாள். ஒரு கணம் உட்கார்ந்துவிடுவாள் போலத்தான் இருந்தது.

"டிரம் நல்லா இருக்குன்னு சொன்னான் உமேஷ். எனக்கும் போன் பண்ணினான்."

"பின்ன என்ன? பிரேக் அருமையா நிக்குது."

"கார் நிக்கும். அதுல எனக்குச் சந்தேகமே இல்லீங்க." குரலில் கோபம் இல்லை, காய்கறி பற்றிப் பேசும் குரல். "நீங்க உள்ள இருப்பீங்களான்னுதான் தெரியல."

கதவைச் சாத்தினாள். சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"எலுமிச்சம்பழத்து மேல ஏத்துங்க. எதிர்வீட்டுக்காரர் பாத்துக்கிட்டு நிக்கறாரு."

ஏற்றினார். நாலு பழமும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின. நாலடி போய்ப் பிரேக்கை மிதித்தார். கார் மிதித்த இடத்தில், மிதித்த கணத்தில் நின்றது. அப்படி ஒரு பிரேக்கை அந்தக் கார் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. அவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கவில்லை. ஜெயலட்சுமி ஆரத்தித் தட்டோடு உள்ளே போனாள், அவர் இறங்கவில்லை. வெயில் ஏறியது, சட்டை முதுகோடு ஒட்டியது. ரங்கநாதன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன சார், கதவு மாட்டிக்கிச்சா?"

"இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்."

பதினோரு மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஜெயலட்சுமி பூக்கூடையோடு வெளியே வந்து, காருக்கு முன்னால் நடந்து, அவரைப் பார்த்தாள். உள்ளேதான் இருந்தார். பார்த்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறிக் கோயிலுக்குப் போனாள். காலம் கடந்து உள்ளே உட்கார்ந்திருப்பது கணக்கில் சேராது என்பதை எந்தக் கருவியும் வைக்காமலே ஆதிகேசவன் கண்டுகொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள், "லட்சுமம்மாவுக்குக் கட்டை குடுத்தீங்களா?"

இதை அவள் மாதம் ஒரு முறை கேட்கிறாள். அந்தக் காரைப் பற்றி அவள் தானாகக் கேட்கிற ஒரே கேள்வி. நான் வாங்கிக் கொடுத்துவிடட்டுமா என்று மட்டும் கேட்பதில்லை.

பிளந்த பாதிகள் இரண்டும் மாடிப்படிக்கு அடியில், செய்தித்தாள் சுற்றி இருக்கின்றன. சக்கரம் ஏறிய தடம் ஒன்றில் இன்னும் தெரிகிறது. நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் அவற்றின் விட்டமும் உயரமும் வெர்னியர் அளவில் குறித்து வைத்திருக்கிறார். அதற்குக் கீழே இரண்டு மரங்களின் பெயர்கள். புளி: கனம், நன்றாக உழைக்கும், சீக்கிரம் பிளக்காது. வேம்பு: லேசு, அவள் வண்டியில் தூக்கி வைக்க வசதி. இரண்டுக்கும் எதிரே டிக் போடவில்லை.

லட்சுமம்மா இப்போது இளநீரை உள்ளங்கையில் ஏந்தியபடியே வெட்டுகிறாள். இடது கட்டை விரலில் துணி சுற்றியிருக்கிறது. யாராவது கேட்டால், "கட்டை வருது, சொல்லியிருக்காங்க," என்கிறாள். யார் சொன்னது என்று சொல்வதில்லை.